உப்புக் கரையின் ஒட்டுவேலை

ஒரு கோட்டையை யார் கட்டினார், எந்த ஆண்டில் கட்டினார் என்பதை வரலாறு குறித்து வைக்கிறது. அதன் சுவரில் விழுந்த வெடிப்பை யார் அடைத்தார், எதைக் குழைத்து அடைத்தார் என்பதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. மன்னாரின் கதையும் இப்படித்தான் சொல்லப்படுகிறது. 1560இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். 1795இல் அது பிரித்தானியர் கைக்குப் போனது. 1914இல் தலைமன்னாருக்கு ரயில் ஓடியது. 1930இல் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே வீதிப்பாலம் எழுந்தது. 1990இல் அது தகர்க்கப்பட்டது. 2010இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. ஆண்டுகளை இப்படி அடுக்கும்போது ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே கிடக்கும் காலம் வெறுமையாகத் தெரிகிறது. அந்தக் காலத்தில் கட்டடங்கள் சும்மா நிற்கவில்லை. சோளகம் வீசிய மாதங்களில் உப்பைக் குடித்தன, மாரியில் ஊறின, உதிர்ந்தன, ஒட்டுப் போடப்பட்டன, மறுபடி உதிர்ந்தன. மன்னார்க் கரையில் ஒரு கட்டுமானத்தின் ஆயுளைத் தீர்மானிப்பதில் கட்டிய கைக்கு இருந்த பங்கு, பின்னால் ஒட்டிய கைக்கும் இருந்தது என்பது என் எண்ணம். அந்த ஒட்டு நின்றதா உதிர்ந்ததா என்பது அதன் கெட்டியைவிட, பழைய உடம்போடு அதற்கிருந்த உறவைப் பொறுத்தே அமைந்தது. இன்று ஊர்களில் கொங்கிறீற்று வீதிகளின் குழிகளை அடைக்கும்போது நாம் மறந்துவிடுவது இந்த உறவைத்தான்.

மன்னார்த் தீவு கட்டடக்காரனுக்குக் கொடுப்பது மிகக் குறைவு. மேலே மணல்; கீழே சுண்ணாம்புப் பாறை; கரையோரம் முருகைக்கல்; கடலில் சிப்பியும் சங்கும். கருங்கல் தீவில் விளைவதில்லை. அது பெருநிலத்தில், கரையிலிருந்து கிழக்கே உள்ளே போனபிறகுதான் கிடைக்கும். நல்ல தண்ணீரும் அருமை. ஆண்டு மழை ஏறக்குறைய ஆயிரம் மில்லிமீற்றர்தான். அதில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி முடிவதற்குள் கொட்டித் தீர்த்துவிடும். மீதிக் காலமெல்லாம் வெயிலும் காற்றும். இந்தக் காற்றுக் கொண்டுவரும் உப்பு மெல்லிய துவலையாகச் சுவரில் படியும். இரவின் ஈரத்தில் கரைந்து உள்ளே இறங்கும். பகல் வெயிலில் காய்ந்து பளிங்காகும். பளிங்காகும்போது அது பருக்கிறது. கல்லின் நுண்துளைக்குள் பருக்கும் உப்பு கல்லை உள்ளிருந்தே மாவாக்கிவிடும். அலை அடித்து இடிந்த சுவர்களைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அலையே தொடாத சுவர்கள் இந்தச் சத்தமில்லாத வேலையால் தேய்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. மன்னாரில் ஒட்டுவேலை எப்போதோ நேரும் விபத்துக்கான மருந்தாக இருந்ததில்லை. கூரைக்கு ஓலை மாற்றுவது போல, வள்ளத்துக்குக் கலப்பற்று அடைப்பது போல, அது பருவத்தோடு வரும் வேலை.

கோட்டையை எடுத்துக்கொள்வோம். கோவாவின் பிரதிராசா கொன்சுத்தந்தீனு த பிரகன்சாவின் காலத்தில் எழுந்தது அது. திருக்கேதீச்சரம் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டுவந்து கட்டினார்கள் என்பது இந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக நிலைத்த மரபு. அப்படியானால் கோட்டையின் முதல் நாளிலேயே அது பழையதும் புதியதும் கலந்த உடம்பு. ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதைத் திருத்திக் கட்டினர். பிரித்தானியர் அதை அலுவலகங்களாகவும் வேறு தேவைகளுக்கும் வைத்துக்கொண்டனர். மூன்று ஆட்சிகள், மூன்று மொழிகள், மூன்று கணக்குப் புத்தகங்கள். ஆனால் சாந்து ஒன்றுதான். போர்த்துக்கேயர் விட்ட வெடிப்பை ஒல்லாந்தர் அடைத்தபோதும், ஒல்லாந்தர் விட்டதைப் பிரித்தானியர் தொடக்கத்தில் அடைத்தபோதும், கையில் இருந்தது இந்தக் கடலின் முருகைக்கல்லையும் சிப்பியையும் சூளையில் வைத்துச் சுட்ட சுண்ணாம்பு. கொடி மாறினாலும் சூளை மாறவில்லை. ஆட்சியாளர் வேண்டுமென்று செய்த ஞானம் இதில் ஒன்றும் இல்லை. வேறு சாந்து கிடைக்காததால் நேர்ந்தது. ஆனாலும் அதன் பலன் பெரிது. ஒட்டிய பகுதியும் ஒட்டப்பட்ட பகுதியும் ஒரே அளவில் ஈரம் உறிஞ்சின, ஒரே அளவில் விட்டன, ஒரே வெயிலில் ஒரே அளவில் விரிந்தன.

சுண்ணாம்பின் தன்மையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் என் வாதத்தின் அடித்தளம் அங்கேதான் இருக்கிறது. சிப்பியைச் சூளையில் சுமார் தொள்ளாயிரம் பாகை வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறி நீறாத சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் அது கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துப் பூசியபின், அது காற்றிலிருந்து அதே கரியமிலவாயுவைச் சிறுகச் சிறுக உள்ளே இழுத்து, மறுபடியும் சிப்பியாக இருந்தபோது எதுவாக இருந்ததோ அதுவாகவே இறுகும். இது ஒரு நாளில் நடப்பதில்லை. தடித்த சுவரின் நடுப்பகுதி இறுக ஆண்டுகள் ஆகும். சிப்பிச் சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் தானாக இறுகாது என்பதும் உண்மை. அதனால்தான் நீர்பட்ட இடங்களுக்குச் செங்கல்லை இடித்த தூளைச் சேர்த்தார்கள். சுர்க்கி என்று அதற்குப் பெயர். மெதுவாக இறுகுவது குறை என்று தோன்றும். ஆனால் அந்த மெதுவில்தான் பழுது பார்க்கும் குணமும் இருக்கிறது. சிறு வெடிப்பு விழுந்தால், உள்ளே இன்னும் இறுகாமல் கிடக்கும் சுண்ணாம்பை மழைநீர் கரைத்துக்கொண்டு வந்து வெடிப்பின் வாயில் விடும். அங்கே அது காற்றுப்பட்டு இறுகி வெடிப்பை மூடிவிடும். மேசன் வருவதற்கு முன்பே சுவர் தன் சிறு காயங்களைத் தானே ஆற்றிக்கொள்கிறது. மேசன் வந்து செய்யும் ஒட்டு, அந்த இயல்பான ஒட்டின் பெரிய வடிவம்தான்.

இந்தச் சுண்ணாம்பு எவ்வளவு உயர்ந்த வேலைக்கும் போதும் என்பதற்குச் சான்று தெற்கே, அரிப்பு என்னும் ஊரில் இருக்கிறது. பிரித்தானிய இலங்கையின் முதல் தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தனக்கொரு மாளிகையை 1801இல் தொடங்கி 1804 அளவில் அங்கே கட்டி முடித்தார். கிரேக்கரின் தோரிக் பாணியில் தூண்கள்; உடம்பு செங்கல்; மேலே சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு. அக்காலத்தில் அங்கு வந்த ஜேம்ஸ் கோடினர் 1807இல் வெளிவந்த தமது நூலில் அந்தக் கட்டடத்தைச் சிறப்பித்து எழுதியிருக்கிறார். அரிப்பிலும் சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்புக் காலங்களில் குவிந்த சிப்பி கணக்கில் அடங்காது. முத்தை எடுத்தபின் எறியப்பட்ட ஓடு, தேசாதிபதியின் சுவரில் பளிங்குபோல மெருகேறி நின்றது. முத்தின் வரலாற்றை எழுதியவர்கள் பலர். அதன் ஓட்டின் வரலாறும் அதே அளவு கவனத்துக்கு உரியது என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் முத்துக் கப்பலேறிப் போய்விட்டது, ஓடு ஊரிலேயே வீடாகவும் கோயிலாகவும் தேவாலயமாகவும் தங்கியது.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். அந்த மாளிகை இன்று இடிபாடுதானே? கடலோர மேட்டின் விளிம்பில் பாதி சரிந்து நிற்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விழுகிறது. சிப்பிச் சுண்ணாம்பு அதைக் காப்பாற்றவில்லையே? கேள்வி நியாயமானது. ஆனால் அங்கே முதலில் தோற்றது சுவர் அல்ல. சுவர் நிற்கும் மண். கடல் மேட்டின் அடியைத் தின்றபோது மேலே இருந்தது எதுவானாலும் சரிந்திருக்கும், கருங்கல் ஆனாலும் கொங்கிறீற்று ஆனாலும். சொல்லப்போனால் அந்த இடிபாடு என் வாதத்துக்கு ஒரு எல்லையையும் ஒரு துணையையும் தருகிறது. எல்லை இது: ஒட்டு என்பது உடம்புக்கு உரிய மருத்துவம், நிலத்துக்கு உரியது அல்ல. அடிமண் நகரும் இடத்தில் மேலே எவ்வளவு பூசினாலும் அது வீண். துணை இது: இருநூறு ஆண்டுகளாகக் காற்றும் உப்பும் அடித்தும், கைவிடப்பட்டு ஒட்டுப் போடுவார் இல்லாமற் போயும், கடல் இன்னும் தொடாத சுவர்கள் நிற்கின்றன. இந்த எல்லையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வீதிகளுக்கு வரும்போது இது திரும்பவும் நம்மை மறிக்கும்.

அடுத்து வந்தது சீமெந்து. இங்கிலாந்தின் லீட்சு நகர மேசன் ஜோசப் அஸ்ப்டின் 1824இல் போர்ட்லண்ட் சீமெந்துக்கு உரிமம் பெற்றார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது பீப்பாய்களில் கப்பலேறிக் கீழைத் துறைமுகங்களுக்கு வந்தது. தண்ணீருக்கடியில் இறுகும், ஒரு நாளில் பிடிக்கும், ஒரு மாதத்தில் கல்லாகும். பாலம், துறைமுகம், ரயில் என்று கரையை மாற்றியவர்களுக்கு இது இல்லாமல் முடியாது. சுண்ணாம்பைக் கொண்டு கடலில் தூண் நிறுத்த முடிந்திருக்காது என்பதை மறுப்பவன் நான் அல்ல. இலங்கையும் 1950இல் காங்கேசன்துறையில் தன் சொந்தச் சீமெந்துத் தொழிற்சாலையைத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லோடு சேர்க்க வேண்டிய களிமண் மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து போனது. தெற்கே, புத்தளத்தில் 1970 அளவில் இன்னொரு தொழிற்சாலை வந்தது. பைகளில் சீமெந்து மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபின் ஊர்ச் சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பழைய சுண்ணாம்புச் சுவரில் வெடிப்பு விழுந்தாலும் மேசனின் கை சீமெந்துப் பையைத்தான் தேடியது.

அங்கேதான் பிழை நேர்ந்தது. சீமெந்து நல்ல பொருள். ஆனால் சுண்ணாம்புச் சுவரில் அது அயலான். சுண்ணாம்பு மெல்லியது, மூச்சுவிடுவது. சீமெந்துச் சாந்து வன்மையானது, அடர்த்தியானது. உப்பீரம் நிலத்திலிருந்து சுவரில் ஏறும்போது சீமெந்து ஒட்டின் வழியாக வெளியேற முடியாமல், ஒட்டைச் சுற்றியுள்ள பழைய கல்லின் வழியாக வெளியேறும். உப்பு அங்கேயே பளிங்காகும். சில ஆண்டுகளில் ஒட்டு அப்படியே முறைத்துக்கொண்டு நிற்கும். அதைச் சுற்றி முருகைக்கல் மாவாக உதிர்ந்திருக்கும். ஒட்டு தன் பலத்தாலேயே தன்னைத் தாங்கியதைக் கொன்றுவிடுகிறது. 1964இல் வெனிஸ் நகரில் கூடிய வல்லுநர்கள் எழுதிய பட்டயம், மரபு நுட்பங்கள் போதாதபோது மட்டுமே, சோதித்துத் தேறிய புதிய நுட்பங்களை நாடலாம் என்று வரிசை வகுத்தது. முதலில் பழைய உறவு. அது இயலாதபோது புதியது. மன்னார் மேசன்கள் நானூறு ஆண்டுகளாக அறிந்தோ அறியாமலோ கடைப்பிடித்த வரிசையும் அதுவே.

சுண்ணாம்பைப் பற்றி இவ்வளவு சொன்னால், இது பழமையின்மேல் உள்ள பற்று, சீமெந்தால் கட்டியதற்குச் சீமெந்தால் ஒட்டுப் போட்டால் உறவுச் சிக்கலே எழாது என்று சிலர் சொல்லக்கூடும். அது அப்படி இல்லை என்பதைக் கடற்பாலங்கள் காட்டுகின்றன. கம்பி வைத்த கொங்கிறீற்றில் உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கொங்கிறீற்று வெடித்து உதிரும். வழக்கமான ஒட்டு வேலை என்ன? உதிர்ந்ததை மட்டும் தட்டி எடுத்துவிட்டுப் புதிய, நல்ல, உப்பில்லாத கொங்கிறீற்றை நிரப்புவது. பார்ப்பதற்குக் குணமானது போலிருக்கும். ஆனால் துருப்பிடித்த இடம், அதுவரை அக்கம்பக்கத்துக் கம்பியைக் காத்து நின்றது. மின்கலம் ஒன்றில் ஒரு தகடு கரைந்து மற்றதைக் காப்பதுபோல. அந்த இடத்தைச் சுகப்படுத்தியதும் கரையும் முறை அயற்கம்பிக்கு வருகிறது. சில ஆண்டுகளில் ஒட்டின் விளிம்பைச் சுற்றி வளையமாகப் புதிய வெடிப்புகள். புதியது பழையதைவிடத் தூயதாக இருந்ததே பழையதற்குக் கேடாயிற்று. இதற்கு மருந்து இரண்டு. உதிர்ந்த இடத்தோடு நிற்காமல் உப்பு ஏறிய கொங்கிறீற்றைக் கம்பிக்குப் பின்புறம்வரை வெட்டி எடுப்பது ஒன்று; கம்பிக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகும் துத்தநாகக் கட்டிகளை ஒட்டுக்குள் கட்டி வைப்பது மற்றது. இரண்டிலும் ஒட்டுபவர் காயத்தைவிடக் காயத்தைச் சுற்றியுள்ள உடம்பைத்தான் கவனிக்கிறார்.

மன்னாரின் எதிர்க்கரையில் இதற்கொரு பெரிய உதாரணம் உண்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், பாம்பன் ரயில் பாலத்தின் 145 இடைவெளிகளில் 126இன் உத்திரங்களைக் கடலில் தள்ளியது. திருத்தும் பொறுப்பு இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரனிடம் வந்தது. புதிய உத்திரங்கள் தொலைவிலிருந்து வரும்வரை காத்திருந்தால் மாதங்கள் போயிருக்கும். மீனவர்கள் கடலுக்கடியில் கிடந்த பழைய உத்திரங்களைக் காட்டிக் கொடுத்தார்கள். அவற்றையே தூக்கித் திரும்ப ஏற்றினார்கள். 46 நாட்களில் ரயில் ஓடியது. வேகத்தைப் பாராட்டித்தான் இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் முதன்மையாகத் தெரிவது வேறு: பாலத்துக்குப் பாலத்தின் சொந்த எலும்பே ஒட்டாயிற்று. அளவு பொருந்தியது, இருக்கை பொருந்தியது, பாரம் பொருந்தியது. உறவான பொருளைத் தேடுவது வேலையைத் தாமதப்படுத்தும் என்பவர்களுக்கு 1965இன் தொடக்கத்தில் பாம்பனில் ஓடிய ரயிலே பதில்.

மன்னார்ப் பாலத்தின் கதை இதற்கு எதிராகப் போவதுபோலத் தோன்றும். 1930இல் கட்டிய பாலம் 1990இல் விடுதலைப் புலிகளால் தகர்க்கப்பட்டபின், புதிய பாலம் வரும்முன் போக்குவரத்தைத் தாங்கியது பெய்லிப் பாலம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் பொறியாளர் டொனால்ட் பெய்லி வகுத்த முறை அது; ஆறு பேர் தூக்கக்கூடிய எஃகுச் சட்டங்களை ஆணி போட்டுக் கோத்துப் பாரந்தூக்கி இல்லாமலே கடந்துவிடலாம். பழைய பாலத்தோடு அதற்கு எந்த உறவும் கிடையாது. இருந்தும் ஊர் அதன்மேல் போய் வந்தது. அப்படியானால் உறவு எதற்கு? முறிந்த காலுக்குக் கட்டுப் போடுவது வேறு, தோலுக்குத் தோல் ஒட்டுவது வேறு என்பதே இதற்கு என் விடை. பெய்லிப் பாலம் பழையதோடு ஓருடம்பாகப் பாசாங்கு செய்யவில்லை. தன் இருக்கையில் தனியாக உட்கார்ந்தது, தனியாக விரிந்தது, கழற்றினால் கழன்றது. அயற்பொருள் கெடுப்பது, ஒட்டிக்கொண்டு ஒன்றாக நடிக்கும்போதுதான். விலகி நிற்கத் தெரிந்த அயற்பொருளால் கெடுதி இல்லை. ஜப்பானிய உதவியோடு கட்டிய 157 மீற்றர் நீளப் புதிய பாலமும் மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தாம்போதியும் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டபோது அந்தக் கட்டு தன் வேலையை முடித்துக்கொண்டது.

இப்போது வீதிகள். 2000களின் நடுவில் தொடங்கிய மக நெகும போன்ற கிராமிய வீதித் திட்டங்களாலும், போருக்குப் பிந்திய மீள்குடியேற்றத்தோடு வந்த உதவிகளாலும், வடக்கின் ஊர் ஒழுங்கைகளுக்குக் கொங்கிறீற்று வந்தது. தாரைவிட இது ஊருக்கு வசதி: பெரிய இயந்திரம் வேண்டாம், ஊராரே கூடிப் போடலாம். பெரும்பாலும் கம்பி இல்லாத பலகைகள் இவை; ஆகவே துருவின் தொல்லை குறைவு. சரியாகப் போட்டால் கொங்கிறீற்று வீதி நீடித்து நிற்கும். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துப் பெல்லபொன்ரெய்ன் நகரில் 1891இல் போட்ட கொங்கிறீற்றுத் தெருவின் பகுதி இன்றும் இருக்கிறது. ஆனால் விளிம்பு நொறுங்குவதும் மூட்டுகள் உடைவதும் குழி விழுவதும் எங்கும் உள்ளதுதான். அப்போது நடப்பதென்ன? குழியைத் துடைப்பத்தால் கூட்டிவிட்டு, மிஞ்சிய சீமெந்துக் கலவையைக் கொட்டிக் கரண்டியால் தடவி, ஓரத்தை மெல்லிதாகத் தேய்த்து விடுகிறார்கள். பழையதோடு வழவழப்பாகக் கலந்துவிட்டதுபோல் தெரியும் அந்த மெல்லிய ஓரந்தான் முதலில் உடைகிறது. கடதாசி அளவு தடித்த கொங்கிறீற்று உழவு இயந்திரத்தின் சில்லைத் தாங்காது.

முறையான ஒட்டு வேலை இதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறது: ஒட்டுமுன் வெட்டு. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல கொங்கிறீற்று கணீரென்று ஒலிக்கும். பிரிந்த இடம் பொத்தென்று சொல்லும். பொத்தென்ற எல்லைக்கும் அப்பால் கொஞ்சம் தள்ளிச் சதுரமாகக் கோடிட்டு, ஓரம் செங்குத்தாக நிற்கும்படி ஐந்து சென்றிமீற்றர் ஆழத்துக்கு அறுக்க வேண்டும். உள்ளே தளர்ந்ததையெல்லாம் உளியால் கொத்தி எடுத்துத் தூசு போக ஊதி, பழைய முகத்தை நனைக்க வேண்டும்; நனைத்தபின் தண்ணீர் தேங்கியும் நிற்கக்கூடாது. காய்ந்த பழைய கொங்கிறீற்று புதியதின் தண்ணீரைக் குடித்து அதை இறுகவிடாமற் செய்யும். தேங்கிய நீரோ பிடிப்பைக் கெடுக்கும். பிறகு சீமெந்துக் கூழைத் தூரிகையால் தேய்த்து, அது காயுமுன் கலவையை நிரப்ப வேண்டும். மேற்பரப்பை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்டி இணைக்க வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்தால் புதியது பழையதைவிட்டு விலகும். இரண்டு பலகைகளின் மூட்டில் ஒட்டு விழுந்தால் மூட்டை மூடிவிடாமல் நடுவே அமுங்கக்கூடிய ஓர் அட்டைத் துண்டை வைத்துப் பிரிவைக் காக்க வேண்டும். அல்லாவிட்டால் வெயிலில் பலகைகள் விரிந்து ஒட்டை நசுக்கிவிடும். பழுது பலகையின் தடிப்பில் மூன்றிலொரு பங்கைத் தாண்டியிருந்தால் மேலொட்டு உதவாது. அடிவரை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டும். கடைசியாக, ஈரச் சாக்கை மூடி ஒரு கிழமையாவது தண்ணீர் விட வேண்டும். மன்னாரின் வெயிலிலும் காற்றிலும் இந்தக் கடைசி வேலையைத் தவறவிட்ட ஒட்டு, போட்ட அன்றே சுருங்கத் தொடங்கிவிடும்.

இந்த ஒவ்வொரு படியும் பழையதைக் கவனிக்கும் படி என்பதைப் பார்க்க வேண்டும். எங்கே நல்லது முடிகிறது, அது எவ்வளவு தாகமாக இருக்கிறது, எந்தத் திசையில் விரியும். புதிய கலவைக்கும் இதே அளவுகோல்தான். எப்பொக்சிப் பிசின் ஒட்டுகள் கல்லைவிட உறுதியாகப் பிடிக்கும் என்று விற்கப்படுகின்றன, பிடிப்பு உண்மைதான். ஆனால் வெயிலில் அந்தப் பிசின் கொங்கிறீற்றைவிடப் பல மடங்கு விரிகிறது. நண்பகலில் வெந்து இரவில் குளிரும் வீதியில், தடித்த பிசின் ஒட்டு தன் பிடிப்பை விடாமல் அடியிலிருக்கும் பழைய கொங்கிறீற்றையே கிழித்துக்கொண்டு பெயரும். கோட்டைச் சுவரில் சீமெந்து செய்ததையே இங்கே பிசின் செய்கிறது. ஒரு மணிநேரத்தில் இறுகும் மக்னீசியம் பொசுபேற்றுச் சாந்தும் உண்டு. வாகனம் நிறுத்த முடியாத பெருஞ்சாலைக்கும் விமான ஓடுபாதைக்கும் அது தேவைதான். ஊர் ஒழுங்கைக்கு அந்த அவசரம் இல்லை. அங்கே ஒரு கிழமை மூடி வைப்பதற்கு ஒரு தென்னங்குற்றியைக் குறுக்கே போட்டாலே போதும். பணமில்லை என்ற மறுப்பும் இங்கே நிற்பதில்லை: பழைய பலகையில் இட்ட அதே மணல், அதே சல்லி, அதே சீமெந்துதான் நல்ல ஒட்டுக்கும் வேண்டும். கூடுதலாகக் கேட்பது ஓர் அறுக்கும் வாளும் பொறுமையும்.

இன்னொரு மறுப்பு கனமானது. உறவான பொருளே வேண்டுமென்றால் பழைய கோட்டைக்கும் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் முருகைச் சுண்ணாம்பு எங்கே போய்த் தேடுவது? 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1988இல் வந்த திருத்தமும் கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பதையும் சுண்ணாம்புச் சூளையையும் தடுத்துவிட்டன. தடுத்தது சரியே. முருகைத் திட்டுகள் போனால் அலையின் வேகத்தைத் தணிக்க ஒன்றும் இல்லை. அரிப்பு மாளிகைக்கு நேர்ந்தது மற்ற ஊர்களுக்கும் நேரும். ஆனால் உறவு என்பது ஒரே கடலில் எடுத்த ஒரே பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உள்நாட்டுச் சுண்ணக்கல்லில் சுட்ட சுண்ணாம்பும் மென்மையிலும் மூச்சுவிடுவதிலும் சிப்பிச் சுண்ணாம்புக்கு உறவினன்தான். உண்ட மட்டியின் ஓடும் நண்டின் ஓடும் இன்றும் குப்பையாகக் கொட்டப்படுகின்றன. பொருந்த வேண்டியது குணம், பிறப்பிடம் அல்ல.

அரிப்பில் நம்மை மறித்த அந்த எல்லை முருங்கனில் திரும்பி வருகிறது. தீவின் வீதிகள் மணலில் கிடக்கின்றன. அங்கே ஓரமண் காற்றோடும் மழையோடும் கழன்றுபோவதால்தான் பலகையின் விளிம்பு தொங்கி உடைகிறது. முருங்கன் பக்கத்து வீதிகளோ கருங்களியில் கிடக்கின்றன. மாரியில் ஊதிப் பெருத்து, கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண் அது. அங்கே பலகையில் விழும் வெடிப்பு பலகையின் நோய் அல்ல. எத்தனை சதுரமாக வெட்டினாலும், எத்தனை உறவான கலவையை இட்டாலும், களி அடுத்த மாரியில் மூச்சு இழுத்ததும் ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிய வெடிப்பு விழும். பலகையைத் தூக்கி, களியை வேண்டிய ஆழத்துக்கு அகற்றிக் கிரவல் இறுக்கி, மழைநீர் பக்கத்தில் தேங்காமல் வாய்க்கால் வெட்டியபின்தான் அங்கே ஒட்டு என்ற பேச்சுக்கே இடமுண்டு. தீவில் நல்ல ஒட்டு என்பது ஓரமண்ணைக் கட்டுவதையும் சேர்த்தது; முருங்கனில் அது வடிகாலையும் சேர்த்தது. ஒரே மாவட்டம், சிறிது தொலைவு, இரண்டு வேறு நோய்கள். ஒரே மதிப்பீட்டுப் படிவத்தில் இரண்டுக்கும் ஒரே விலை எழுதும்போது பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஒல்லாந்தர் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பதவியை விட்டுப் போகும் அதிகாரி தன் பின் வருபவருக்கு ஆட்சிப் பகுதியின் நிலையை விரிவாக எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும். யாழ்ப்பாணத்தின் கீழ் மன்னார் இருந்த காலத்தில், 1697இல் ஒல்லாந்த அதிகாரி ஹென்றிக் ஸ்வார்டகுரூன் தாம் இல்லாத காலத்துக்கு வழிகாட்ட எழுதிய, அதையொத்த குறிப்பு இன்றும் படிக்கக் கிடைக்கிறது; கோட்டைகளின் நிலையும் அதில் உண்டு. அந்நிய ஆட்சியின் லாபக் கணக்குத்தான் அது. ஆனாலும் ஒட்டுப் போட வருபவனுக்கு முதலில் வேண்டியது அதுபோன்ற ஒரு குறிப்புத்தான்: இந்தப் பலகை எந்த ஆண்டு போட்டது, எந்த மணல், கழுவிய மணலா கடல் மணலா, சீமெந்துக்குச் சல்லி எத்தனை பங்கு, அடியில் களியா கிரவலா, முன்பு எங்கே வெட்டி எதை நிரப்பினார்கள். பழையது எதனால் ஆனது என்று தெரியாதவனுக்கு அதோடு உறவான கலவையைக் குழைக்க வழியில்லை. ஒவ்வொரு பிரதேச சபையிலும் வீதிக்கொரு பக்கம் வைத்த ஒரு தடித்த பேரேடு இருந்தால் போதும். அடுத்த மாரி முடிந்து மேசன் சுத்தியலோடு வரும்போது, தட்டிப் பார்ப்பதற்கு முன் அவர் அதைத் திறந்து பார்க்கலாம்.